நோம்பை முறிக்காதது

— அப்படின்னா, உங்களைக் கடிச்ச அந்தப் பாம்பு செத்துப்போச்சா?

— சாகல டாக்டர் மோளே. தலை சுத்தி வரப்புல கொஞ்ச நேரம் படுத்திருந்துச்சு. நான்தான் தண்ணி தெளிச்சு எழுப்பிவிட்டேன். போறப்போ என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போச்சு. இதுல பொய் இருந்தா என் வாத்தெல்லாம் கோழியாப் போகட்டும்.

— இட்டியவிரா அச்சாயா, நான் விளையாட்டுக்குக் கேக்கல. விரியன் கடிச்சாலும் கிட்னி இப்படித்தான் படுத்துக்கும். கடிச்சுதா இல்லையா?

— கடிச்சுது.

— எப்போ?

— நம்ம ஊர்ப் பாலம் கட்டறதுக்கு முன்னாடி.

— அந்தப் பாலம் நான் பொறக்கறதுக்கு முன்னாடி கட்டினது!

— விஷம் மெதுவாத்தானே மோளே ஏறும்.

— டாக்டரே, இந்த மனுஷன் பேச்சைக் கேட்டு நேரத்தைப் போக்காதீங்க. அது வெறும் தண்ணிப்பாம்பு. கடிச்சதும் இவரை இல்ல, இவரோட அண்ணனை.

— ஏலிச் சேடத்தி, நீங்களாவது நேராப் பதில் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரை வெறும் வாந்தின்னுதான் கூட்டிட்டு வந்தீங்க. நேத்து கிரியாட்டினின் நாலு, ஒண்ணைத் தாண்டக் கூடாதது. இன்னிக்கு காலையில ஏழு. இந்தப் பையைப் பாருங்க, ராத்திரி குழாய் போட்டது. அடி கூட நனையல.

— அதுல என்ன வரணும் டாக்டரே?

— மூத்திரம் வரணும் சேடத்தி.

— மோளே, அது நேத்து வந்துச்சு. பை ரொம்பிப் போச்சு. நர்ஸ் பொண்ணு ரெண்டு வாளி கொண்டுவந்து பிடிச்சா. வாத்து சத்தியமா.

— பேசாம இருங்க. சரி, அடுத்தது. இவருக்கு வாத்து மேய்க்கிற வேலை. நாள் முழுக்க வயல் தண்ணியில நிக்கிறார். இந்தப் பக்கம் கிட்னி நின்னா முதல்ல எலிக்காய்ச்சலைத்தான் நினைப்போம். நேத்தே அதுக்கு ஊசி ஆரம்பிச்சுட்டேன். ஆனா காய்ச்சல் இல்ல. கண்ணு சிவக்கல. கெண்டைக்காலை அமுக்கறேன், வலிக்குதா?

— வலிக்கல. கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி இருக்கு. இன்னொரு தடவை அமுக்குங்க.

— வீட்டுல காய்ச்சல் அடிச்சுதா சேடத்தி?

— இல்ல டாக்டரே. உடம்பு ஜில்லுன்னுதான் இருந்துச்சு. வாந்தி, விக்கல், சோறு வேணாம்னு தள்ளிவிடறது. அவ்வளவுதான். நோம்பு நேரம், வெறும் வயிறு, கேஸா இருக்கும்னு நானும் விட்டுட்டேன். விக்கல் நிக்காம வந்தப்பத்தான் பயந்துட்டேன்.

— ஸ்கேன்ல கிட்னி ரெண்டும் நல்ல சைஸ்ல இருக்கு. எங்கயும் அடைப்பு இல்ல. பழைய சுகர் கிடையாது. பிரஷர் கொஞ்சம். கொழுப்பு நிறைய இருந்துது, நான் மாத்திரை எழுதிக் குடுத்தேன். அதைச் சாப்பிட்டீங்களா அச்சாயா?

— மாத்திரையா? அது அன்னிக்கே வாத்துக்குப் போட்டுட்டேன்.

— வாத்துக்கா!

— ஒரே ஒரு வாத்துக்குத்தான். அது இப்போ போடற முட்டையில மஞ்சக்கருவே இல்ல மோளே. உடைச்சா வெள்ளையா இருக்கு, நடுவுல ஒரு குழி மட்டும். வாத்து சத்தியம்.

— அப்புறம் எப்படிக் குறைஞ்சுது? நோம்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்தப்போ உங்க ரிப்போர்ட்டைப் பார்த்து நானே அசந்துபோனேன். கொழுப்பு பாதியா இறங்கியிருந்துது.

— அது நான் சொல்லக் கூடாது. சரி, உங்ககிட்டன்னதால சொல்றேன். விடியக்காலம் நானும் உங்க அப்பனும் வாய்க்கால் கரையில நின்னு ஆளுக்கொரு டம்ளர்ல குடிக்கிறோம். அவரு அந்தக் கரை, நான் இந்தக் கரை.

— எங்க அப்பாவா? உங்ககிட்ட வாங்கிக் குடிக்கிறாரா?

— ஆமா. கோரா சார்தான்.

— அச்சாயா, எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கு. உங்க மரத்துக் கொப்பு எங்க முற்றத்துல நீண்டதுக்கு எங்க அப்பா பஞ்சாயத்துல மனு குடுத்து ஒன்பது வருஷம் ஆச்சு. அதுலேருந்து உங்க வாத்து கத்தினாக்கூட எங்க வீட்டுல ஜன்னலைச் சாத்தறார். நோம்பு முதல் நாள் சர்ச்சுல ஊரே ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுது. உங்க முறை வந்ததும் செருப்பைக் காணோம்னு வெளிய போனவர் அவரு. செருப்பு அவரு கால்லயே இருந்துது!

— ஆமா மோளே. நானும் பார்த்தேன். புதுச் செருப்பு.

— அவரு உங்க கையால குடிக்கிறாராம்!

— சரி, நம்ப வேணாம்.

— என் கர்த்தாவே, சாகக் கிடக்கிறப்பவும் இந்த மனுஷனுக்கு வாய் அடங்கலையே. பெரிய சாரைப் போய் இழுக்கறீங்களே! டாக்டரே, மனசுல வச்சுக்காதீங்க. உங்க ஃபோன் அடிக்குது.

— ஒரு நிமிஷம். அம்மா, வார்டுல இருக்கேன். சீக்கிரம் சொல்லு. அப்பா சாப்பிடலைன்னா விடு, நேத்து நான் கொஞ்சம் குரலை உசத்தினேன், அந்தக் கோவம்தான். தெரியும்மா, மத்தியானம் வரைக்கும் வயித்தைக் காயப்போட்டா ஓக்காளம் வரத்தான் செய்யும். அலமாரியில வெள்ளைப் பட்டையில கேஸ் மாத்திரை இருக்கும், ஒண்ணு குடு. சாயங்காலம் வந்து பார்க்கறேன். வச்சுடறேன்.

— சாருக்கு என்ன மோளே?

— வீம்பு. வேறென்ன. நீங்க உங்களைப் பாருங்க. சேடத்தி, கிட்ட வாங்க. நல்லாக் கேட்டுக்கோங்க. இவரு ரத்தத்துல பொட்டாசியம் ஏறிக்கிட்டே இருக்கு. ஈசிஜி எடுத்துப் பார்த்தேன், கோடு கூரா எழும்ப ஆரம்பிச்சிருக்கு. இப்போ ஊசி போட்டு அடக்கி வச்சிருக்கேன். அது கொஞ்ச நேரத்துக்குத்தான். அடங்கலைன்னா நெஞ்சு துடிக்கறதை மறந்துடும்.

— மறந்துட்டா?

— அதுக்குத்தான் ஆம்புலன்ஸ் படகுக்குச் சொல்லியிருக்கேன். படகுத்துறையிலேருந்து கோட்டயத்துக்கு வண்டி. அங்க டயாலிசிஸ் போட்டுடுவாங்க.

— நான் வரல.

— என்னது?

— அந்த மிஷின்ல ஏறினவன் எவனும் இறங்கினதில்ல. நம்ம குஞ்ஞவராச்சன் வாரத்துக்கு ரெண்டு நாள் போனான், அப்புறம் மூணு நாள், அப்புறம் ஒரேயடியாப் போனான். நான் ஈஸ்டர் வரைக்கும் இங்கயே படுத்துக்கறேன். அன்னிக்கு வாத்துக் கறி சாப்பிட்டுட்டு எங்க வேணா வரேன்.

— இப்படியே படுத்தா ஈஸ்டர் வராது அச்சாயா.

— எல்லாருக்கும் வருமே மோளே.

— உங்களைத் தவிர எல்லாருக்கும் வரும்.

— டாக்டரே! இப்படியா பட்டுன்னு சொல்றது!

— வேற எப்படிச் சொல்றது சேடத்தி? குஞ்ஞவராச்சனுக்கு இருபது வருஷ சுகர், கிட்னி சுருங்கிப் போச்சு. இவருக்கு அப்படி இல்ல. நோம்புக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல கிட்னி நல்லா இருந்துது. அதுக்கு அப்புறம் என்னமோ ஒண்ணு இவரு உடம்புக்குள்ள போயிருக்கு. அது என்னன்னு தெரிஞ்சா நிறுத்திடலாம். நிறுத்தினா கிட்னி திரும்பி வர வாய்ப்பு இருக்கு. தெரியலைன்னா நானும் ஊசி மேல ஊசியாக் குருட்டாம்போக்குல போட்டுக்கிட்டு இருப்பேன். சொல்லுங்க அச்சாயா, என்ன மருந்து சாப்பிட்டீங்க?

— ஒண்ணுமில்ல.

— முட்டி வலி, முதுகு வலின்னு கடையில மாத்திரை?

— இல்ல.

— அரிஷ்டம், லேகியம், கஷாயம்? யாராவது வீட்டுக்கு வந்து பொடி குடுத்தாங்களா?

— மருந்துன்னு ஒண்ணும் என் வாய்க்குள்ள போகல.

— வாத்து சத்தியமா?

— இதுக்கு எதுக்கு மோளே வாத்து?

— டாக்டரே, அப்போ அது உண்மைதான்.

— எப்படிச் சொல்றீங்க?

— இவரு வாத்து மேல சத்தியம் பண்ணினா பொய். பண்ணலைன்னா பொய்யில்ல. கல்யாணம் ஆனதுலேருந்து தலையால தண்ணி குடிச்சு நான் கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மாத்திக்குவாரு.

— எடியே, நான் இங்கதான் படுத்திருக்கேன். காது கேக்குது.

— கேக்கட்டும். சாகப்போற மனுஷனுக்கு இனிமே என்ன ரகசியம்!

— சேடத்தி, அழாதீங்க. அப்போ மருந்து இல்ல. சரி, அடுத்தது. சாப்பாடு. காலையில எழுந்ததுலேருந்து என்னென்ன உள்ள போகும்?

— மத்தியானம் மணி அடிக்கற வரைக்கும் ஒண்ணும் போகாது டாக்டரே. இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின அம்பது நாள் நோம்பையும் ஒழுங்காப் பிடிக்கறேன்னு நேர்ந்துக்கிட்டாரு. பொய் சொல்ற வாய்க்கு அதுவாவது புண்ணியம்னு நானும் சந்தோஷப்பட்டேன். பச்சத் தண்ணி கூடப் பல்லுல படாது.

— வெயில்ல வாத்து மேய்க்கறவரு தண்ணி கூடக் குடிக்காமயா?

— வாத்து குடிக்குதே மோளே. பார்த்துக்கிட்டிருந்தா தாகம் அடங்கிடும்.

— மத்தியானத்துக்கு அப்புறம்?

— கஞ்சி, பயறு, பலாச்சக்கைக் கூட்டு. மீன் கிடையாது, முட்டை கிடையாது, பால் கிடையாது. நானும் அதைத்தான் சாப்பிடறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே.

— அதான் எனக்கும் புரியல. ஒரே அடுப்பு, ஒரே பானை. காய்ஞ்சு போன உடம்புன்னா கிட்னி கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான். ரெண்டு பாட்டில் ஏத்தினா எழுந்துக்கணும். இது எழுந்துக்கல. அச்சாயா, உங்க கையைப் பிடிச்சுக் கேக்கறேன். கள்ளு? சாராயம்?

— நோம்புலயா? நான் பொய்தான் சொல்லுவேன் மோளே. பாவம் பண்ணமாட்டேன்.

— வயலுக்கு அடிக்கற மருந்து?

— இல்ல.

— காளான்? காட்டுக் கிழங்கு?

— இல்ல.

— நட்சத்திரப்புளி?

— எங்க ஊர்ல ஏது?

— அப்போ என்னதான்! ஹலோ, ஆமா, நான்தான். லேப்பா? சொல்லுங்க. அந்த அரை ஸ்பூன் மூத்திரத்துல இவ்வளவு தெரிஞ்சுதா? ரத்தம் இல்ல, சரி. என்ன படிகம்? பொடிக் கண்ணாடி மாதிரியா? நிறையவா? எங்க பார்த்தாலுமா? சரி, அந்த ஸ்லைடை அப்படியே வைங்க, நான் வந்து பார்க்கறேன். சேடத்தி, இவருக்குக் கல்லு இருந்துதா எப்பவாவது? இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உருண்டிருக்காரா?

— கல்லும் இல்ல மண்ணும் இல்ல. ஊர் முழுக்க உருட்டுவாரு, தான் உருளமாட்டாரு. டாக்டரே, இந்த பன்னைக் கொஞ்சம் குடுக்கட்டுமா? நேத்துலேருந்து ஒண்ணும் உள்ள போகல. நோம்பு முறிஞ்சாலும் பரவாயில்ல.

— ஒரு விள்ளல் குடுங்க.

— வேணாம்டி. பல்லு கூசுது.

— பன்னுக்குப் பல் கூசுமா அச்சாயா?

— பாருங்க டாக்டரே, ரெண்டு வாரமா இதே பாட்டுதான். பழம் கடிச்சாக் கூசுது, சோறு மென்னாக் கூசுது. வெந்த பயறைக் கூட மசிச்சுக் குடுன்னு கேட்டாரு. வயசாச்சுன்னு நினைச்சேன்.

— வாயைத் திறங்க. நல்லாத் திறங்க. விளிம்பெல்லாம் என்ன இப்படி மொழுமொழுன்னு இருக்கு? எதுல தேய்ச்சீங்க?

— எனக்குப் பல்லு விளக்கறது வாத்துதான் மோளே. அலகால ஒவ்வொண்ணா...

— அச்சாயா!

— சரி, சரி.

— சேடத்தி, வீட்டுல புதுசா ஏதாவது பார்த்தீங்களா? யோசிங்க. சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க. தரையில கறை, பாத்திரத்துல வாசனை, எதா இருந்தாலும்.

— அப்படி ஒண்ணும்... ஆங், இது ஒண்ணு. சொன்னா சிரிப்பீங்க. எங்க வீட்டுப் பரண்ல மாமியார் காலத்துப் பித்தளை டம்ளர் ரெண்டு உண்டு. கறுத்துப் போய்க் கிடந்துச்சு, நான் தேய்ச்சது கூட இல்ல. போன வாரம் பார்த்தா சமையக்கட்டு ஜன்னல்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்கார்ந்திருக்கு. உள்பக்கம் சர்ச் மணி மாதிரி பளபளன்னு மின்னுது. வெளிப்பக்கம் மட்டும் அதே கரி.

— உள்பக்கம் மட்டுமா?

— உள்பக்கம் மட்டும். யாரு தேய்ச்சான்னு கேட்டேன். மோட்சத்துலேருந்து மாலாகா இறங்கி வந்து நக்கிட்டுப் போச்சுன்னாரு. வாத்து சத்தியம் வேற.

— பித்தளை பளபளன்னு ஆகணும்னா புளிப்பு படணும். நல்ல கடுமையான புளிப்பு. பல் கூச்சம். பொடிக் கண்ணாடி... சேடத்தி, உங்க வாய்க்கால் கரையில நிக்கிற அந்த மரம், எங்க அப்பா மனு குடுத்த மரம். அது இலும்பிப்புளிதானே?

— ஆமா. அடியிலேருந்து கொத்துக் கொத்தா, விரல் நீளத்துக்குப் பச்சையாக் காய்க்குமே. மத்தி மீன் குழம்புல போட்டா...

— நோம்புல மீன் கிடையாது. அப்போ இந்த மாசம் பூரா காயெல்லாம் என்ன ஆச்சு? விழுந்து அழுகணுமே. எங்க முற்றத்துல இந்த வருஷம் ஒரு காய் கூட இல்ல.

— அட, ஆமா! மரம் பறிச்சு விட்ட மாதிரி மொட்டையா நிக்குது. வவ்வால்னு நினைச்சேன். மனுஷா! என் முகத்தைப் பாருங்க. வவ்வாலா?

— ஒரு வயசான வவ்வால்.

— அரைச்சுக் குடிச்சீங்களா அச்சாயா?

— அரைக்கல. துணியில போட்டுப் பிழிஞ்சேன்.

— தண்ணி கலந்தா?

— தண்ணி கலந்தா நோம்பு என்ன ஆகறது?

— வெறும் வயித்துல, ஒரு டம்ளர் சாறு, தண்ணியே இல்லாம, அதுவும் பித்தளையில! கர்த்தாவே! நான் எத்தனை தடவை கேட்டேன்! என்ன மருந்துன்னு கேட்டேன். என்ன சாப்பாடுன்னு கேட்டேன்.

— கேட்டீங்க. மருந்து என்னன்னு கேட்டீங்க. அது காய். மரத்துல காய்க்கறது எப்படி மருந்தாகும்? சாப்பாடு என்னன்னு கேட்டீங்க. அது கொழுப்புக்குக் குடிக்கறது, எப்படிச் சாப்பாடாகும்? சாப்பாடுன்னா நோம்பு முறிஞ்சிருக்குமே. நான் ரெண்டுக்கும் உண்மையைத்தான் சொன்னேன்.

— யாரு சொல்லிக் குடுத்தா இதை?

— ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியும் மோளே. கிறிஸ்துமஸ் கழிஞ்சு நான் ஒண்ணு ரெண்டு காயை உப்புத் தொட்டுத் தின்னேன். கொழுப்பு இறங்குச்சு. நீங்க ரிப்போர்ட்டைப் பார்த்தீங்க. என் முதுகுல தட்டினீங்க. என்ன சொன்னீங்க?

— என்ன சொன்னேன்?

— என்ன பண்றீங்களோ தெரியாது அச்சாயா, ஆனா அதை விடாமப் பண்ணுங்கன்னு சொன்னீங்க. நான் விடல. நோம்பும் வந்துச்சு, காயும் சும்மாக் கிடந்துச்சு. நல்லாப் பண்ணினேன்.

— டாக்டரே, நீங்களா அப்படிச் சொன்னீங்க?

— சொன்னேன் சேடத்தி. இவரு சொல்றது சரிதான். நான்தான் சொன்னேன். என்ன பண்றீங்கன்னு கேக்காமயே சொன்னேன்.

— இப்போ என் மனுஷன் பிழைப்பாரா?

— கேளுங்க. அந்தப் புளிப்புல இருக்கற உப்பு கிட்னிக் குழாய்க்குள்ள போய் ஊசி ஊசியா உறைஞ்சிருக்கு. நான் கோட்டயத்துல படிக்கறப்போ ரெண்டு பேரைப் பார்த்திருக்கேன். ரெண்டு பேரும் எழுந்து நடந்துதான் வீட்டுக்குப் போனாங்க. இன்னிக்கே கோட்டயம் போகணும். மிஷின்ல ஏறணும், சில தடவை. குழாய் திறந்து மூத்திரம் வர ஆரம்பிச்சதும் இறங்கிடலாம்.

— இறங்குவேனா மோளே? இது வேடிக்கைக்குக் கேக்கல.

— இறங்குவீங்கன்னுதான் நினைக்கிறேன். லேட் பண்ணாமப் போனா.

— சத்தியமா?

— எனக்கு வாத்து இல்ல அச்சாயா.

— அப்போ சரி. ஏலிக்குட்டி, என் வேட்டியை எடு. போட் வந்துடுச்சா பாரு.

— என் தங்கமே! வர ஒத்துக்கிட்டாரு டாக்டரே! உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இந்த மரத்தை நான் நாளைக்கே வெட்டறேன். கோரா சாருக்கும் நிம்மதி, மனு குடுத்த மனுஷனுக்கு.

— வெட்டாதே.

— ஏன் வெட்டக் கூடாது?

— மீன் குழம்புக்கு வேணும்ல. டாக்டர் மோளே, உங்க ஃபோன் திரும்ப அடிக்குது.

— அம்மாதான். அதே புராணம். போட் ஏத்திட்டுப் பேசறேன். சேடத்தி, இந்தக் கவரை அங்க டாக்டர் கையில குடுங்க. நான் ஃபோன்லயும் சொல்லிடறேன்.

— மோளே, எடுங்க.

— அப்புறம் எடுக்கறேன் அச்சாயா.

— எடுத்து, சாருக்கு விக்கல் இருக்கான்னு கேளுங்க.

— விக்கலா? எதுக்கு?

— கேளுங்க.

— அம்மா, சொல்லு. ஆமா. மாத்திரை குடுத்தியா? அதையும் வாந்தி எடுத்துட்டாரா? இரு. விக்கல் இருக்கா? எப்போலேருந்து? ஏம்மா எங்கிட்டச் சொல்லல?... சரி, சரி, நான் கேக்கலதான்.

— மூத்திரம் போனாரான்னு கேளுங்க.

— அச்சாயா, என்ன இது, நீங்க பாட்டுக்கு... அம்மா, லைன்ல இரு. வைக்காதே. அச்சாயா, எங்க அப்பாவைப் பத்தி நீங்க ஏன் கேக்கறீங்க?

— பல்லு கூசுதான்னும் கேளுங்க.

— டாக்டரே, உக்காருங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. மனுஷா, அந்த டம்ளர் ஏன் ரெண்டு?

— நோம்பு முதல் நாள் சர்ச்சுல கை குடுக்காமப் போனாரில்ல, மறுநாள் விடியக்காலம் வாய்க்கால் கரையில வந்து நின்னாரு. ஊர் பார்க்கக் கை குடுக்க அவருக்குக் கஷ்டம், அவ்வளவுதான். உன் கொழுப்பு எப்படிய்யா இறங்குச்சுன்னு கேட்டாரு. ஒன்பது வருஷத்துல முதல் பேச்சு. நான் டம்ளரைத் துரட்டியில கட்டி நீட்டினேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு வாங்கிக்கிட்டாரு. நானும் சொல்லல. சொன்னா யாரும் நம்பமாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் இன்னிக்கு உங்ககிட்டச் சொன்னேன்.

— இல்ல. இது பொய். பாம்பு மாதிரி, மாலாகா மாதிரி, இதுவும் ஒரு பொய். வாத்து மேல சத்தியம் பண்ணுங்க.

— மோளே...

— பண்ணுங்க அச்சாயா! உங்க வாத்து மேல சத்தியம் பண்ணிச் சொல்லுங்க, எங்க அப்பாவும் குடிச்சாருன்னு!

— முடியாது மோளே. படகுல எனக்குப் பக்கத்துல அவருக்கும் ஒரு இடம் போடுங்க. நான் ஒரு டம்ளர்தான் குடிச்சேன். சார் தினம் ரெண்டு.